ஆற்று நீரில் நச்சு மரபணு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறு, கழிமுகம், சதுப்பு நிலம், மாட்டுச் சாணம் என்று எங்கே தேடினாலும் நோய் தரும் நச்சுகளுக்கான மரபணுக்கள் பாக்டீரியாக்களில் கிடைக்கின்றன. "ஆற்றில் காலரா மரபணு" என்று தலைப்பு வந்ததும் பலருக்கும் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் எழுகின்றன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். காலராவை வைத்தே அதிகம் பேசியிருக்கிறேன். இந்த விஷயத்தில் வேறெந்தக் கிருமியைப் பற்றியும் இவ்வளவு விவரம் நம்மிடம் இல்லை.

எங்கள் ஊர் ஆற்றில் காலரா நச்சு மரபணு இருப்பதாகச் செய்தி வந்தால், காலரா வரப்போகிறது என்று அர்த்தமா?

இல்லை. வீட்டில் அரிவாள்மனை இருப்பதும் கை வெட்டுப்படுவதும் ஒன்றல்ல. மரபணு நோயாக மாற வேண்டுமானால் பல விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும். அது உயிருள்ள பாக்டீரியாவுக்குள் இருக்க வேண்டும். அந்த பாக்டீரியாவுக்குக் குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும் உறுப்பு இருக்க வேண்டும். வயிற்று அமிலத்தைத் தாண்டுகிற அளவுக்குப் பெரும் எண்ணிக்கையில் அது உள்ளே போக வேண்டும். போன பிறகு மரபணு முடுக்கப்பட வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் காலரா வராது.

அதற்காகச் செய்தியைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்றால், அதுவும் கூடாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

காலரா நச்சு அப்படி என்னதான் செய்கிறது?

அதற்கு இரண்டு பகுதிகள். ஒன்று, ஐந்து துண்டுகள் வளையமாகச் சேர்ந்தது. குடல் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு கொழுப்பு மூலக்கூறைப் பிடித்துக்கொள்வது அதன் வேலை. இன்னொன்று செல்லுக்குள் நுழைந்து, "உப்பை வெளியே தள்ளு" என்று கட்டளையிடும் ஒரு புரதத்தை அணைக்க முடியாத நிலையில் மாட்டிவிடுகிறது. உப்பு வெளியேறினால் தண்ணீரும் கூடவே போகும். கடுமையான நோயாளிக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை இப்படிப் போகலாம். நம் பாட்டிமார் வாந்திபேதி என்று சொல்லி நடுங்கியது இதைத்தான். சரியான நேரத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசலோ டிரிப்ஸோ கொடுத்தால் நூற்றுக்கு ஒருவர்கூட இறக்க வேண்டியதில்லை. கொடுக்காவிட்டால், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் இறக்கலாம்.

இப்படி ஒரு நச்சு இருக்கிறது என்று நிரூபித்தவர் கல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் டே. பாக்டீரியாவை முழுக்க வடிகட்டி எடுத்துவிட்டு, மிச்சமிருந்த திரவத்தை மட்டும் முயலின் குடலில், இரண்டு பக்கமும் கட்டுப் போட்ட ஒரு துண்டுக்குள் செலுத்திப் பார்த்தார். கிருமியே இல்லாமல் குடல் நீரால் நிரம்பி வீங்கியது. 1959-ல் நேச்சர் இதழில் வெளியானது. அதற்கு முன்பு பலர் ரத்தத்தில் ஊசி போட்டு நச்சைத் தேடிக்கொண்டிருந்தார்கள், தேட வேண்டிய இடம் குடல் என்பதைப் பிடித்ததுதான் அவருடைய சாமர்த்தியம். நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்கவில்லை. உள்ளூரிலும் அவருக்கு உரிய மரியாதை கிடைத்ததாகச் சொல்ல முடியாது. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த முடியாது, மேலே போவோம்.

காலரா பாக்டீரியா எல்லாவற்றிலும் இந்த நச்சு இருக்குமா?

இருக்காது. பலர் தடுமாறும் இடம் இதுதான். விப்ரியோ காலரே என்பது கழிமுகத்திலும் உப்பும் நன்னீரும் கலக்கும் நீர்நிலைகளிலும் சாதாரணமாக வாழும் ஓர் இனம். மேலுறையின் அமைப்பை வைத்து இதை இருநூறுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கிறார்கள். கொள்ளைநோயை உண்டாக்கியவை அவற்றில் இரண்டே இரண்டு: ஓ1, ஓ139. நீர்நிலைகளில் பிடிபடும் மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காலரா நச்சு மரபணுவே கிடையாது. சில வகைகள் லேசான வயிற்றுப்போக்கைத் தரும், பலவற்றால் நமக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆகவே "ஆற்றில் காலரா பாக்டீரியா" என்ற செய்தியும் "ஆற்றில் காலரா நச்சு மரபணு" என்ற செய்தியும் வேறு வேறு. பத்திரிகைகள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

அப்படியானால் அந்த மரபணு எங்கிருந்து வந்தது?

ஒரு வைரஸிலிருந்து. பாக்டீரியாவையும் விட்டுவைக்காத வைரஸ்கள் உண்டு, அவற்றை ஃபேஜ் என்பார்கள். 1996-ல் மேத்யூ வால்டர், ஜான் மெக்கலனோஸ் இருவரும் அமெரிக்காவில் காட்டியது இது: காலரா நச்சின் இரண்டு மரபணுக்களும் நூல் போன்ற ஒரு ஃபேஜுக்குள் இருக்கின்றன. அந்த ஃபேஜ் நச்சில்லாத விப்ரியோவுக்குள் புகுந்து, அதன் டிஎன்ஏவோடு டிஎன்ஏவாக உட்கார்ந்துவிடுகிறது. காலரா பாக்டீரியாவின் மொத்த மரபுத்தொகுதி சுமார் 40 லட்சம் எழுத்துகள். ஃபேஜுடையது ஏறக்குறைய 7,000. அந்தச் சின்னப் பொட்டலம் உள்ளே வந்தால், சாதுவான நீர்வாழ் பாக்டீரியா உயிர்க்கொல்லியாக மாறிவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. பாக்டீரியா குடலில் குடியேற உதவும் மெல்லிய இழைகளைத்தான் ஃபேஜும் உள்ளே நுழையும் வாசலாகப் பயன்படுத்துகிறது. அந்த இழைகள் குடலுக்குள்தான் நன்றாக முளைக்கின்றன. எலிக் குடலில் இந்த மரபணுக் கைமாற்றம் ஆய்வகக் குடுவையில் நடப்பதைவிடத் திறமையாக நடந்தது. குடல் வெறும் நோய்க்களம் மட்டுமல்ல, மரபணு வியாபாரம் நடக்கும் சந்தையும்கூட.

ஃபேஜ் வழியாக நச்சு வருவது காலராவில் மட்டும் நடப்பதல்ல. தொண்டை அடைப்பான் என்கிற டிப்தீரியாவிலும் இதே கதைதான், அது 1951-லேயே தெரிந்துவிட்டது.

தண்ணீரில் வாழும் பாக்டீரியாவுக்கு மனிதக் குடலைத் தாக்கும் நச்சு எதற்கு?

நல்ல கேள்வி. நம்மைக் கொல்வது பாக்டீரியாவுக்கு ஒரு நோக்கமே அல்ல. குளத்தில் பாக்டீரியாவின் அன்றாடப் பிரச்சினை, தன்னைத் தின்ன வரும் ஒற்றைச்செல் உயிரிகள். அமீபா வரும், மயிரிழைகள் கொண்ட டெட்ராஹைமினா வரும். அதன் ஆயுதங்கள் பல அந்தச் சண்டைக்காக உருவானவையாக இருக்கலாம். நாம் குறுக்கே போய் அடிபட்டவர்கள்.

இதற்கு மிகத் தெளிவான சாட்சி லீஜியோனெல்லா. 1976-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே பரவிய நுரையீரல் நோய்க்கு அதுதான் காரணம். பின்னால் பார்த்தால், அது இயற்கையில் அமீபாவுக்குள் நுழைந்து அங்கேயே பெருகும் கிருமி. அமீபாவுக்குள் பிழைக்கப் பழகிய வித்தை, நம் நுரையீரலில் கிருமிகளை விழுங்கும் செல்களிடமும் அப்படியே பலித்துவிட்டது. அந்தச் செல்கள் பல விதங்களில் அமீபா மாதிரிதான் நடந்துகொள்கின்றன.

ஷிகா நச்சு விஷயத்தில் இது இன்னும் வழக்காடப்படுகிறது. ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவின் சில வகைகள் சுரக்கும், ரத்தப் பேதியைத் தரும் நச்சு அது. அதன் மரபணுவும் ஒரு ஃபேஜில்தான் இருக்கிறது. அந்த நச்சைச் சுரக்கும் ஈ. கோலை டெட்ராஹைமினாவைக் கொல்வதாக ஒரு ஆய்வுக் குழு 2009-ல் காட்டியது. அப்படியெல்லாம் பெரிய பாதுகாப்பு கிடைப்பதில்லை என்று சொன்ன சோதனைகளும் உண்டு. எனக்கு முதல் கட்சி பக்கம் சாய்வு இருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல்: ஷிகா நச்சு வெளியே வர, அந்த பாக்டீரியாவே வெடித்துச் சாக வேண்டும். தான் செத்துத் தன் கூட்டத்தைக் காப்பாற்றுகிறதா, இல்லை ஃபேஜ் தன் காரியத்துக்காக வீட்டையே கொளுத்துகிறதா என்பது எளிதில் தீர்கிற வழக்கு அல்ல.

காலரா பாக்டீரியா மனிதர்கள் இல்லாத நேரத்தில் எங்கே இருக்கிறது?

இறாலுக்குத் தூரத்து உறவான, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் நீரில் மிதக்கும் கோப்பிபாட் என்ற உயிரிகளின் மேல். அவற்றின் ஓடு கைட்டின் என்ற பொருளால் ஆனது. நண்டு, இறால் ஓட்டில் இருப்பதும் அதுவே. விப்ரியோவுக்குக் கைட்டின்தான் வீடு, அதுவேதான் சோறும். கைட்டினில் ஒட்டப் பயன்படும் ஒரு புரதம் குடலின் சளிப்படலத்தில் ஒட்டவும் பயன்படுகிறது. நம் குடலுக்கென்று தனியாகத் தயாரித்ததல்ல, நண்டு ஓட்டில் பழகிய கை.

2005-ல் தெரிந்த இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். கைட்டின் மேல் உட்கார்ந்திருக்கும்போது இந்த பாக்டீரியா சுற்றிலும் கிடக்கும் டிஎன்ஏவை உள்ளே இழுத்துக்கொள்ளும் திறன் பெறுகிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மெலானி பிளோகேஷ் குழு 2015-ல் அடுத்த படியைக் காட்டியது: பக்கத்து பாக்டீரியாவை நுண்ணிய ஈட்டி போன்ற கருவியால் குத்திக் கொன்று, சிந்துகிற டிஎன்ஏவை எடுத்துக்கொள்கிறது. கொலையும் கொள்ளையும் ஒரே மூச்சில். ஃபேஜ் இல்லாமலேகூட மரபணு கைமாறும் என்பது இதனால்தான்.

1992-ல் சென்னையில் நடந்தது இதனோடு சம்பந்தப்பட்டதா?

நேரடியாக. 1992 அக்டோபரில், அன்றைய மெட்ராஸில் காலரா நோயாளிகளிடமிருந்து எடுத்த பாக்டீரியா, ஓ1-ஐ அடையாளம் காட்டும் சோதனைத் திரவத்தோடு வினைபுரியவில்லை. ஓ1 அல்லாதது கொள்ளைநோய் ஆகாது என்பதுதான் அதுவரை பாடப்புத்தகம் சொன்னது. ஆனால் நோய் அசல் காலராவாகவே இருந்தது. சில மாதங்களில் அது கல்கத்தாவிலும் வங்கதேசத்திலும் பரவிவிட்டது. அதற்கு ஓ139 என்று எண் கொடுத்தார்கள்.

உள்ளே பார்த்தால், பழைய ஓ1 பாக்டீரியாதான், அதில் எல் டோர் என்ற கிளை. நச்சு ஃபேஜ் அப்படியே இருந்தது. மேலுறையைத் தயாரிக்கும் மரபணுத் தொகுப்பு மட்டும் வேறொரு விப்ரியோவிலிருந்து வந்து பழையதன் இடத்தைப் பிடித்திருந்தது. அதாவது, ஆள் அதே ஆள், சட்டை மட்டும் புதுசு. ஓ1-க்கு எதிராக உடம்பில் ஏற்கெனவே இருந்த எதிர்ப்பு இந்தப் புதுச் சட்டையை அடையாளம் காணவில்லை. வழக்கமாகக் காலரா சுழலும் ஊர்களில் குழந்தைகளுக்குத்தான் அதிகம் வரும், இந்த முறை பெரியவர்களும் நிறையப் பேர் படுத்தார்கள்.

"ஆற்றில் மரபணு கிடைத்தது" என்ற செய்தியை ஒதுக்கித் தள்ளக் கூடாது என்று முதல் பதிலில் சொன்னேனே, அதற்குக் காரணம் இதுதான். நீர்நிலை ஒரு மரபணுக் கிடங்கு. எந்தத் துண்டு எப்போது எதனோடு சேரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அப்போது கொள்ளைநோய் ஆற்றிலிருந்துதானே வருகிறது?

இங்கே நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். 2010 அக்டோபரில் ஹெய்ட்டியில் காலரா வெடித்தபோது, நிலநடுக்கம், கடல் வெப்பம், கழிமுக பாக்டீரியா என்று சூழலைக் காரணம் காட்டி வாதங்கள் வந்தன. கடைசியில் மரபுத்தொகுதி ஒப்பீட்டில், அந்தக் கிருமி நேபாளத்தில் அப்போது சுற்றிக்கொண்டிருந்ததோடு ஏறக்குறைய அப்படியே பொருந்தியது. நேபாளத்திலிருந்து வந்த ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு, ஆர்ட்டிபொனிட் ஆற்றில் சேரும் ஓடையில் கலந்திருந்தது. சுமார் 8 லட்சம் பேர் நோயுற்றார்கள், 10,000 பேர் அளவில் இறந்தார்கள். ஐ.நா. 2016-ல்தான் மன்னிப்புக் கேட்டது.

1961-ல் இந்தோனேசியாவின் சுலவேசியில் தொடங்கிய காலராவின் ஏழாவது உலகப் பரவலும் மரபணுக் கணக்கில் ஒரே பரம்பரைதான். வங்காள விரிகுடாப் பகுதியிலிருந்து அலை அலையாக மனிதர்களோடு பயணம் செய்திருக்கிறது. புதிய வகை உருவாகும் பட்டறை நீர்நிலையாக இருக்கலாம். அதைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டு போவது மனிதர்கள், ஊருக்குள் பரப்புவது மோசமான கழிப்பிட வசதி. "எல்லாம் இயற்கை" என்று சொல்வது சிலருக்கு வசதியாக இருக்கிறது.

நச்சு மரபணு ஒரு இனத்திலிருந்து சம்பந்தமே இல்லாத இன்னொன்றுக்குத் தாவுமா?

தாவும். ஒரே இனத்துக்குள் வகை விட்டு வகையும் தாவும், இனம் விட்டு இனமும் தாவும். ஒவ்வொன்றுக்கும் ஒரு உதாரணம் போதும்.

முதலாவது ஜெர்மனி, 2011. வழக்கமாக ஷிகா நச்சு இல்லாத ஒரு ஈ. கோலை வகை, அந்த நச்சைச் சுமக்கும் ஃபேஜைப் பெற்றிருந்தது. சுமார் 3,800 பேருக்கு நோய், ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மரணம். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் பழி போட்டார்கள், பாவம் அந்த விவசாயிகள். கடைசியில் கைகாட்டியது எகிப்திலிருந்து வந்த விதையில் முளைகட்டிய வெந்தயத்தை. நாம் குழம்புக்குத் தாளிக்கும் அதே வெந்தயம்தான், ஆனால் சூட்டில் பொரிகிறது. முளைகட்டிப் பச்சையாகச் சாப்பிடும்போதுதான் ஆபத்து.

இரண்டாவது இறால். 2009 வாக்கில் சீனாவில் தொடங்கி வியட்நாம், தாய்லாந்து என்று பண்ணைகளைக் காலி செய்த நோய் ஒன்று உண்டு. குஞ்சு விட்டுச் சில வாரங்களிலேயே இறால் கூட்டமாகச் செத்துவிடும். பண்ணைக்காரர்கள் ஈஎம்எஸ் என்பார்கள். காரணம் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்று 2013-ல் கண்டுபிடித்தார்கள். அதன் நச்சு மரபணுக்கள் சுமார் 70,000 எழுத்துள்ள ஒரு பிளாஸ்மிடில், அதாவது தனியாகச் சுற்றும் டிஎன்ஏ வளையத்தில் இருந்தன. அந்த மரபணுக்களின் நெருங்கிய உறவு எங்கே இருந்தது தெரியுமா? நிலத்துப் பூச்சிகளைக் கொல்லும் ஃபோட்டோராப்டஸ் என்ற பாக்டீரியாவில். நச்சின் வடிவமோ, பருத்திக்குள் புகுத்திய பி.டி. நச்சை ஒத்திருந்தது. பூச்சியும் இறாலும் தூரத்துச் சொந்தம் என்பதால், பூச்சிக்கு வைத்த ஆயுதம் இறாலுக்கும் பொருந்தியதில் ஆச்சரியமில்லை.

போட்டுலினம் நச்சு மண்ணில் உள்ள வேறு பாக்டீரியாக்களிலும் கிடைத்ததாமே?

ஆமாம். உலகின் மிகக் கடுமையான நச்சு என்று பெயரெடுத்தது அது. க்ளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா இனங்களின் தனிச் சொத்து என்றுதான் நினைத்திருந்தார்கள். மரபுத்தொகுதிகளைக் கணினியில் துழாவியபோது, ஜப்பானில் புளிக்கவைத்த அரிசியிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியாவில் அதை ஒத்த மரபணு 2015-ல் தென்பட்டது. 2018-ல் ஒரு பசுவின் சாணத்திலிருந்து எடுத்த என்டரோகாக்கஸிலும் கிடைத்தது. ஒத்த மரபணு என்றால் ஒத்த ஆபத்து என்று பொருள் அல்ல. மனிதனைத் தாக்குவதாகத் தெரியவந்தவை அல்ல இவை.

இந்த வரிசையில் அழகானது மலேசியாவின் அலையாத்திக் காட்டுச் சேற்றிலிருந்து எடுத்த பாராக்ளாஸ்ட்ரிடியம். அதன் நச்சு போட்டுலினம் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அது குறிவைப்பது மலேரியா பரப்பும் அனாபிலிஸ் கொசுவை. 2019-ல் வெளியான ஆய்வில் எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் குடும்பத்து நச்சுகள் முதுகெலும்புள்ள விலங்குகளுக்கு மட்டும்தான் என்ற பழைய எண்ணம் அதோடு போய்விட்டது.

ஃபேஜ்கள் என்றாலே கெடுதல்தானா?

அப்படிச் சொன்னால் பாவம். 1896-லேயே எர்னஸ்ட் ஹேன்கின் என்ற ஆங்கிலேயர், கங்கை, யமுனை நீர் காலராக் கிருமியைக் கொல்கிறது என்றும் அந்த நீரைக் கொதிக்கவைத்தால் அந்தச் சக்தி போய்விடுகிறது என்றும் எழுதினார். ஃபேஜ் என்ற பெயரே அப்போது கிடையாது. நூறு ஆண்டுகள் கழித்து டாக்காவில் ஷா ஃபாருக் குழு, காலரா அலை தணியும் நேரத்தில் நீரில் கொல்லும் வகை ஃபேஜ்கள் பெருகியிருப்பதைக் காட்டியது. நச்சைக் கொண்டுவந்து கொடுப்பதும் ஃபேஜ், கிருமியைத் தின்று தீர்ப்பதும் ஃபேஜ். இரண்டும் வேறு வேறு வகை. இதைப் படித்துவிட்டு யாரும் ஆற்று நீரை அப்படியே குடிக்க வேண்டாம்.

டிஎன்ஏ துண்டைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனையில் "பாசிட்டிவ்" என்றால் எதை நம்புவது?

டிஎன்ஏவின் ஒரு சிறு துண்டு அந்த மாதிரியில் இருந்தது என்பதை மட்டும். செத்த பாக்டீரியாவின் டிஎன்ஏவும் பாசிட்டிவ் காட்டும். பாக்டீரியாவே இல்லாமல் ஃபேஜ் துகள் மட்டும் மிதந்தாலும் காட்டும். அதனால் நல்ல ஆய்வுகள் நச்சு மரபணுவோடு ஒட்டும் இழையின் மரபணுவையும் சேர்த்துத் தேடும், பிறகு பாக்டீரியாவை வளர்த்தும் பார்க்கும்.

வளர்த்துப் பார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. குளிர், பட்டினி என்று வந்தால் விப்ரியோ உயிரோடு இருந்தும் ஆய்வக வளர்ப்புத் தட்டில் வளராத ஒரு உறக்க நிலைக்குப் போய்விடும். அமெரிக்க ஆய்வாளர் ரீட்டா கோல்வெல்லின் குழு 1980களின் தொடக்கத்தில் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. ஆக பிசிஆர் கூட்டிச் சொல்லலாம், தட்டு குறைத்துச் சொல்லலாம். செய்தியைப் படிக்கும்போது எந்தச் சோதனை, எத்தனை மாதிரிகள், மரபணு மட்டுமா, உயிருள்ள கிருமியா என்று பாருங்கள்.

ஆன்டிபயாடிக் போட்டால் சரியாகிவிடுமா?

காலராவில் முதல் மருந்து நீரும் உப்பும்தான், ஆன்டிபயாடிக் கடுமையான நோயாளிக்குத் துணை. ஷிகா நச்சு ஈ. கோலையில் கதை தலைகீழ். சில ஆன்டிபயாடிக்குகள் உறங்கும் ஃபேஜை எழுப்பிவிட்டு நச்சைக் கூட்டிவிடும். ரத்தத்தோடு பேதி என்றால் கடையில் மாத்திரை வாங்கிப் போடாமல் மருத்துவரிடம் போங்கள்.

வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

கொதிக்கவைத்துக் குடிப்பதை மிஞ்சியது இல்லை. அது முடியாத இடத்துக்கு வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் ஒரு வழி கண்டார்கள்: பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டித் தண்ணீரை வடிப்பது. தனி பாக்டீரியா அதில் நிற்காது. ஆனால் அது ஒட்டிக்கொண்டிருக்கும் கோப்பிபாட் நின்றுவிடும். 65 கிராமங்களில் செய்த ஆய்வில் காலரா 48 சதவீதம் குறைந்தது, 2003-ல் வெளியானது. புதுச் சேலையைவிடப் பழசுதான் நல்லது. துவைத்துத் துவைத்து நூல் பிசிறி, இழைகளுக்கு நடுவே இடைவெளி சின்னதாகியிருக்கும்.

குழாய்த் தண்ணீர் என்றால், வீட்டை வந்து சேரும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. அதைப் பார்க்கும் சோதனைப் பெட்டி விலை குறைவு.

நச்சு மரபணுவை நாங்களே சோதித்துப் பார்க்க முடியுமா?

பணத்தை வீணாக்காதீர்கள். உங்கள் குடத்துத் தண்ணீரில் கழிவு கலக்கிறதா என்பதுதான் தெரிய வேண்டிய விஷயம். அதற்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு புட்டி இருக்கிறது. தண்ணீரை ஊற்றி மூடி, ஒன்றிரண்டு நாள் வைத்தால் போதும். கருத்துப்போனால் அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் தொடாதீர்கள், பஞ்சாயத்திலும் சொல்லுங்கள்.